தொழுநோய்க்கென்று வந்த மாத்திரை

கொச்சியில் லூபஸ் உள்ள ஒரு பெண்ணுக்குத் தோலில் கொப்புளங்கள் கிளம்புகின்றன. மருத்துவர் டாப்சோன் எழுதிக் கொடுக்கிறார். வீட்டுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் போகும் மகள் கைபேசியில் அந்த மருந்தின் பெயரைத் தட்டிப் பார்க்கிறாள். முதலில் வந்து நிற்பது தொழுநோய். அப்புறம் அந்த வீட்டில் நடப்பதை விவரிக்க வேண்டியதில்லை. சீட்டு மாறிப்போய்விட்டதோ, மருத்துவர் எதையோ மறைக்கிறாரோ, பக்கத்து வீட்டுக்காரர் அட்டையைப் பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்று எல்லாக் கேள்வியும் ஒரே இரவில் எழும். மாத்திரை பிரிக்கப்படாமல் அலமாரிக்குள் போகும். கொப்புளங்கள் பெருகும்.

இந்தப் பயத்துக்குக் கொச்சிப் பகுதியில் வயது அதிகம். மட்டாஞ்சேரிக்கு எதிரே, காயலுக்கு அப்பால் நீளும் வைப்பின் தீவின் வடகோடியில் பள்ளிப்புரம் இருக்கிறது. 1728 இல் டச்சுக்காரர்கள் அங்கே தொழுநோயாளிகளுக்கென்று ஒரு விடுதி கட்டினார்கள். இந்தியாவில் ஐரோப்பியர் அமைத்த மிகப் பழைய தொழுநோய் விடுதிகளில் அது ஒன்று. நகரத்திலிருந்து தண்ணீர் பிரிக்கும் தூரத்தில் நோயாளிகளைக் கொண்டுபோய் வைத்தார்கள். தோலில் எது வந்தாலும் முதலில் ஒளித்துவைக்கத் தோன்றும் பழக்கம், இப்படித் தலைமுறை தலைமுறையாக ஆட்களை ஒதுக்கிவைத்த ஊர்களில் எளிதில் போவதில்லை.

அதே டச்சுக்காரர்களின் இன்னொரு வேலையும் தோலோடு தொடர்புடையது. கொச்சியில் மலபார் ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட், கேரளத்துச் செடி கொடி மரங்களைப் பற்றி ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்ற பெருநூலைத் தொகுத்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அது வெளிவந்தது. சேர்த்தலைப் பக்கத்து ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன், கொங்கணி வைத்தியர்களான ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் ஆகியோர் தங்கள் அறிவை அதற்குக் கொடுத்தார்கள். 1675 இல் அவர்கள் கைப்பட எழுதிய சான்றுகள் அந்த நூலிலேயே அச்சாகியுள்ளன. முதல் தொகுதியில் மரோட்டி என்ற மரத்துக்கு ஒரு படம் இருக்கிறது. தமிழில் நாம் நீரடிமுத்து என்று சொல்லும் வகையைச் சேர்ந்தது. அதன் கொட்டையை ஆட்டி எடுத்த எண்ணெய்தான் தொழுநோய்க்கும் மற்றத் தோல் வியாதிகளுக்கும் நூற்றாண்டுக் கணக்கில் மருந்து. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் உலகெங்கும் தொழுநோய் மருத்துவமனைகளில் இந்தக் குடும்பத்து மரங்களின் எண்ணெயை ஊசியாகவே போட்டார்கள். வலித்தது. பலன் அரைகுறை.

அந்த எண்ணெய் ஊசியின் இடத்துக்கு வந்த மருந்துதான் டாப்சோன். அது லூபஸ் நோயாளியின் சீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்று புரிந்துகொள்ள, முதலில் கொப்புளத்துக்குள் போக வேண்டும்.

நம் தோல் இரண்டு தளங்கள். மேலே செல்கள் நெருக்கமாக அடுக்கிய மேல்தோல். அதில் இரத்தக் குழாய் கிடையாது. கீழே கொலாஜன் நார்களும் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த அடித்தோல். இரண்டுக்கும் நடுவே மிக மெல்லிய ஒரு சவ்வு. இந்தச் சவ்வை அடித்தோலோடு பிணைத்து வைப்பவை நுண்ணிய நார்கள். படகைக் கரையோரக் குற்றியில் கட்டும் கயிற்றைப் போல அவை வளைந்து அடித்தோலின் நார்களைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. அவை ஏழாம் வகைக் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. பிறவியிலேயே இந்தப் புரதம் சரியாக உருவாகாத குழந்தைகளுக்குக் கை பட்ட இடமெல்லாம் தோல் உரிந்துவரும். அந்தப் பிடிப்பின் மதிப்பு அப்போதுதான் தெரியும்.

லூபஸ் என்பது உடலின் தற்காப்புப் படை உடலையே எதிரியாக எண்ணும் நோய். பத்து நோயாளிகளில் ஏறத்தாழ ஒன்பது பேர் பெண்கள். அதிலும் பிள்ளைபெறும் வயதில் உள்ளவர்கள். மூட்டு, சிறுநீரகம், இரத்த அணுக்கள், நுரையீரல் உறை, மூளை என்று எதையும் அது விட்டுவைப்பதில்லை. தோலில் அது காட்டும் முகங்கள் பல. கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் படரும் சிவப்புதான் எல்லாப் புத்தகத்திலும் உள்ள படம். ஆனால் அந்தப் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம்மவர் முகத்தில் அது சிவப்பாகத் தெரியாது. ஊதா கலந்த கருமையாக, வெயிலில் கறுத்ததைப் போலத்தான் தெரியும். ‘மங்கு விழுந்திருக்கிறது’ என்று சொல்லி ஒரு களிம்பை வாங்கிப் பூசிக்கொண்டு ஆண்டு கடத்திவிடுவார்கள். காதோரத்திலும் தலையிலும் வட்டவட்டமாக வரும் இன்னொரு வகை, ஆறும்போது நடுவில் வெளுத்து, ஓரத்தில் கறுத்து நிற்கும். அதைக் கண்டு வெண்குஷ்டம் என்றோ தொழுநோய் என்றோ பதறுகிறவர்கள் உண்டு. தொழுநோய்த் திட்டில் தொடுவுணர்வு குறைந்திருக்கும். லூபஸ் தழும்பில் உணர்வு இருக்கும். ஒரு பஞ்சு நுனியால் தொட்டுப் பார்த்தே முதல் கட்டமாகப் பிரித்தறியக்கூடிய வித்தியாசம் இது.

இந்த முகங்களிலெல்லாம் அரிதானது கொப்புளம். லூபஸ் உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே அது வருகிறது. வரும்போது வேகமாக வரும். கழுத்து, மார்பின் மேல்பகுதி, தோள், முகம், அக்குள், சிலருக்கு வாயின் உள்பக்கம். நீர் நிறைந்து விறைத்து நிற்கும். சிவந்த தோலிலும் வரலாம், நேற்றுவரை ஒன்றுமில்லாத தோலிலும் வரலாம். அரிப்பு பெரிதாக இராது.

வெயில் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. கொச்சி பூமத்திய ரேகைக்கு 10 டிகிரி வடக்கே இருக்கிறது; ஆண்டில் இரண்டு முறை நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். மார்ச், ஏப்ரலில் புற ஊதாக் கதிரின் அளவு அபாய வரம்பைத் தொடுவதாக மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையமே அண்மை ஆண்டுகளில் எச்சரிக்கை வெளியிடுகிறது. புற ஊதாக் கதிர் பட்ட மேல்தோல் செல்கள் சாகும்போது, உட்கருவில் மறைந்திருந்த சில புரதங்கள் செல்லின் வெளிப்பரப்புக்கு வருகின்றன. லூபஸ் உள்ளவரின் இரத்தத்தில் அவற்றைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும். சும்மா இருந்த நோய் வெயிலில் நின்ற சில நாட்களில் கிளம்புவதற்கு இது ஒரு காரணம். மட்டாஞ்சேரிக் கிடங்குகளின் முற்றத்தில் சுக்கு காயவைத்துப் புரட்டுகிறவர்களுக்கும், ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற இடத்தில் உள்ள சலவைத் துறையில் துணி உலர்த்தும் தமிழ் வண்ணார் குடும்பங்களுக்கும் ‘வெயிலில் போகாதீர்கள்’ என்ற மருத்துவ அறிவுரை, வேலைக்குப் போகாதீர்கள் என்று சொல்வதற்குச் சமம். முழுக்கைச் சட்டை, தலைத்துணி, வெயில் களிம்பு, பதினோரு மணிக்கு முன்பும் மூன்று மணிக்குப் பின்பும் முற்றத்து வேலை, நடுப்பகலில் நிழல் வேலை என்று பிரித்துச் சொல்கிற மருத்துவரே அவர்களுக்குப் பயன்படுகிறார்.

இனிமேல்தான் சிக்கல். லூபஸ் உள்ள ஒருவருக்கு வரும் கொப்புளமெல்லாம் லூபஸ் கொப்புளம் ஆகிவிடாது.

சலவைத் துறையில் உள்ள ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். லூபஸுக்காகச் சில ஆண்டுகளாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறாள். விலாவில் எரிச்சல், பிறகு கொத்தாகக் கொப்புளம். பக்கத்துக் கல்லில் துவைக்கும் பெரியம்மா பார்த்துவிட்டுச் சொல்வாள்: “இது அக்கிதாண்டி. காவி எழுதினா அடங்கிரும்.” அந்தப் பெரியம்மா சொல்வது பெரும்பாலும் சரியான நோய்க்கணிப்பு. அக்கி என்பது சின்னம்மைக் கிருமி நரம்பு முடிச்சில் பல்லாண்டு உறங்கிக் கிடந்து, தற்காப்பு தளரும்போது ஒரு நரம்பின் வழியே தோலுக்கு ஏறிவருவது. லூபஸ் நோயாளிகளுக்கு அது மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. நோயாலும், நோய்க்குத் தரும் மருந்தாலும். உடலின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டையாக, வலியோடு வந்தால் அக்கியைத்தான் முதலில் நினைக்க வேண்டும். தமிழ்நாட்டு ஊர்களில் குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் எழுதிக்கொள்ளும் வழக்கத்துக்குப் பின்னால் எத்தனையோ காலத்துக் கவனிப்பு இருக்கிறது; நோயைச் சரியாகப் பெயர் சொல்லிப் பிரித்தறிந்தார்கள். ஆனால் தற்காப்பு ஒடுக்கப்பட்ட உடம்பில் அக்கி உடல் முழுதும் பரவலாம், கண்ணைத் தாக்கலாம். கொப்புளம் தோன்றி மூன்று நாட்களுக்குள் அசைக்ளோவிர் வகை மருந்தைத் தொடங்கினால் பலன் மிக அதிகம். காவி எழுதுகிறவர்கள் எழுதட்டும்; மருந்து அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

அம்மை என்று சொல்லி வேப்பிலை கட்டி, மருந்தே தொடாமல் வீட்டுக்குள் படுக்கவைப்பது இதைவிட ஆபத்தானது. ஏனென்றால் கொப்புளத்தின் பட்டியலில் உயிரைப் பறிக்கும் ஒன்றும் இருக்கிறது. சல்ஃபா மருந்து, வலிப்பு மருந்து, யூரிக் அமில மருந்து என்று புதிதாக ஏதேனும் தொடங்கிய முதல் சில வாரங்களில் காய்ச்சல், கண் எரிச்சல், வாயும் உதடும் புண்ணாதல், தொட்டாலே தோலில் வலி, பிறகு பாளம் பாளமாக மேல்தோல் கழன்றுவருதல். ஸ்டீவன்ஸ்–ஜான்சன் என்றும், அதைவிடத் தீவிரமானால் டாக்சிக் எபிடெர்மல் நெக்ரோலிசிஸ் என்றும் இதைச் சொல்வார்கள். தீக்காயப் பிரிவில் வைத்துப் பார்க்க வேண்டிய நிலை. லூபஸில் குழப்பம் இன்னும் ஒருபடி கூடும். எந்த மருந்தும் சாப்பிடாமலேயே, கடும் வெயிலுக்குப் பிறகு, லூபஸே இதைப் போன்ற தோல் உரிதலை உண்டாக்குவது உண்டு. இலக்குப் பலகைபோல வட்டத்துக்குள் வட்டமாகத் திட்டுகள் வரும் மற்றொரு வடிவத்தை 1963 இல் ராவெல் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் விவரித்தார். லூபஸோடு பெம்ஃபிகஸ் என்ற வேறொரு நோயும் சேர்ந்து வருவதை 1926 இலேயே செனியர், அஷர் என்ற இருவர் எழுதினார்கள். அதில் பிளவு மேல்தோலுக்குள்ளேயே ஏற்படுவதால் கொப்புளத்தின் கூரை மெலிந்து, தளர்ந்து, விரல் பட்டாலே உடையும்.

எல்லாவற்றுக்கும் மருந்து வேறு. அக்கிக்கு ஒன்று, மருந்து ஒவ்வாமைக்கு ஒன்று, பெம்ஃபிகஸுக்கு ஒன்று. கண்ணால் மட்டும் பார்த்து ஸ்டீராய்டைக் கூட்டிவிடுவது நம் ஊர்களில் சர்வசாதாரணமாக நடக்கிறது. அக்கியாக இருந்து ஸ்டீராய்டைக் கூட்டினால் பரவும். உண்மையான லூபஸ் கொப்புளத்திலோ ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் பல சமயம் ஏமாற்றம்தான். அதனால் தோல் எந்தத் தளத்தில் பிளந்தது, பிளந்த இடத்தில் யார் இருக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்தாக வேண்டும்.

அதற்கு ஒன்றல்ல, இரண்டு தோல் துணுக்குகள் தேவை. அரிசிமணி அளவுதான், மரத்துப்போக ஊசி போட்டு எடுப்பார்கள். முதல் துணுக்கு புதுக் கொப்புளத்தின் ஓரத்திலிருந்து. ஃபார்மலினில் போட்டு அனுப்ப வேண்டும். நுண்ணோக்கியில், மேல்தோல் முழுதாக மேலெழும்பி நிற்பதும், அடியில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் மொய்த்திருப்பதும் தெரிந்தால் லூபஸ் கொப்புளத்தின் பக்கம் சாய்கிறது. இரண்டாவது துணுக்கு கொப்புளத்தை ஒட்டிய நல்ல தோலிலிருந்து. இதை ஃபார்மலினில் போட்டால் சோதனையே கெட்டுவிடும்; தனிக் கரைசலில் அனுப்ப வேண்டும். ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்க்கும்போது, இரு தளங்களுக்கும் நடுவேயுள்ள சவ்வின் நெடுக எதிர்ப்பொருள்கள் பச்சைக் கோடாக மின்னும். சிறு ஊர்களிலிருந்து வரும் மாதிரிகளில் இரண்டையும் ஒரே குப்பியில் போட்டு அனுப்பிவிடும் தவறு நேர்கிறது. நோயாளியே மருத்துவரிடம் “ரெண்டு குப்பியா டாக்டர்?” என்று கேட்பதில் தவறே இல்லை.

அதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்த படி. நல்ல தோல் துணுக்கு ஒன்றை அடர்த்தியான உப்புக் கரைசலில் ஊறவைக்கிறார்கள். உப்பு அந்த நடுச் சவ்வைப் பிரித்துவிடும்; செயற்கையாக ஒரு கொப்புளம் உண்டாகும். அதன் மேல் நோயாளியின் இரத்தநீரை விட்டுப் பார்த்தால், எதிர்ப்பொருள் கூரையில் ஒட்டுகிறதா, தரையில் ஒட்டுகிறதா என்று தெரிந்துவிடும். லூபஸ் கொப்புளத்தில் அது பெரும்பாலும் தரையில் ஒட்டும். நான் முன்பு சொன்ன ஏழாம் வகைக் கொலாஜன் நார்கள் இருப்பது அங்கேதான். வெறும் உப்பைக் கொண்டு மூலக்கூறின் முகவரியைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

1985 இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் கேமன், உட்லி, பிரிகமன் முதலானோர், லூபஸ் கொப்புளம் உள்ளவர்களின் எதிர்ப்பொருள் வேறோர் அரிய கொப்புள நோயின் எதிர்ப்பொருள் பற்றும் அதே புரதத்தைப் பற்றுவதாகக் காட்டினார்கள். அந்தப் புரதம் ஏழாம் வகைக் கொலாஜன் என்பது சில ஆண்டுகளில் உறுதியானது. பிறகு விலங்குச் சோதனைகள் வந்தன. இந்தக் கொலாஜனுக்கு எதிரான எதிர்ப்பொருளை எலிக்குள் செலுத்தினால் எலிக்கும் கொப்புளம் வந்தது. நியூட்ரோஃபில்கள் இல்லாமல் செய்த எலிகளில் வரவில்லை. அதாவது எதிர்ப்பொருள் போய் ஒட்டுவதால் மட்டும் தோல் பிளப்பதில்லை. ஒட்டிய இடத்துக்கு நியூட்ரோஃபில்கள் திரண்டு வருகின்றன. கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் நொதிகளையும் வீரியமுள்ள ஆக்சிஜன் சேர்மங்களையும் அங்கே கொட்டுகின்றன. நார்கள் அறுந்து மேல்தளம் எழும்புகிறது. நியூட்ரோஃபில்களை அடக்கத் தெரிந்த மருந்து இருந்தால் கொப்புளம் நிற்க வேண்டும்.

அந்த மருந்து மருந்துக்கடையில் ஏற்கெனவே இருந்தது. 1908 இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் எமில் ஃப்ரோம், யாகோப் விட்மன் இருவரும் சாய வேதியியல் ஆராய்ச்சியில் டாப்சோனைத் தயாரித்தார்கள். மருந்தாகும் என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லை. 1930களின் இறுதியில் பாக்டீரியாவைக் கொல்லும் ஆற்றல் தெரியவந்தது. ஆனால் கொடுத்த அளவு மிக அதிகம். நச்சு என்று ஒதுக்கினார்கள். 1941 இல் லூசியானாவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் கை ஃபாஜே, டாப்சோனிலிருந்து செய்த ப்ரோமின் என்ற மருந்தை இரத்தக் குழாய் வழியே செலுத்தி நல்ல பலன் கண்டார். ஆனால் நாள்தோறும் இரத்தக் குழாயில் ஊசி என்பது பணக்கார நாட்டுக்குத்தான் ஆகும்.

திருப்பம் நேர்ந்தது செங்கல்பட்டில். அங்கே திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் ராபர்ட் காக்ரேன் பணியாற்றினார். நீரடிமுத்து எண்ணெய் ஊசியில் ஆண்டுகள் கழித்தவர். நாற்பதுகளின் பிற்பகுதியில், எல்லாரும் நச்சென்று ஒதுக்கிய மூல மருந்தான டாப்சோனையே குறைந்த அளவில், எண்ணெயில் கலந்து, வாரத்துக்கு இரண்டு ஊசியாகக் கொடுத்துப் பார்த்தார். நோயாளிகள் தாங்கினார்கள். தோலில் முன்னேற்றம் தெரிந்தது. ராமானுஜம் முதலிய உடன்பணியாளர்களோடு சேர்ந்து எழுதிய அறிக்கை 1949 இல் வெளிவந்தது. அதே சமயம் ஜான் லோ நைஜீரியாவில் அதை வாய்வழி மாத்திரையாகக் கொடுத்து வெற்றி கண்டார். அவரும் முன்பு தெலங்கானாவின் டிச்சுப்பள்ளியில் தொழுநோயாளிகளோடு வேலை செய்தவர். ஊசி போய் மாத்திரை வந்தது, விடுதி போய் வீட்டிலிருந்தே சிகிச்சை வந்தது. காக்ரேன் இருந்த இடம் 1955 இல் மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாயிற்று. தமிழ்நாட்டு மண்ணில் நடந்த மருத்துவச் சாதனைகளில் இதற்கு நாம் இன்னும் உரிய இடம் கொடுக்கவில்லை என்பது என் எண்ணம்.

தொழுநோய்க் கிருமி ஃபோலிக் அமிலம் தயாரிப்பதை டாப்சோன் தடுக்கிறது. கிருமி பெருக முடியாமல் போகிறது. ஆனால் மருந்துக்கு இன்னொரு கையும் இருந்தது. கிருமியே இல்லாத, அரிப்போடு கொப்புளம் வரும் டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்ற நோயில் அது அற்புதமாக வேலை செய்வதை 1950 வாக்கில் தோல் மருத்துவர்கள் கவனித்தார்கள். அங்கே அது அடக்கியது நியூட்ரோஃபில்களை. அவை திரண்டு வருவதையும், வந்தபின் தங்கள் நொதிகளால் ஆக்சிஜன் நஞ்சு தயாரிப்பதையும் டாப்சோன் குறைக்கிறது. ஒரே மாத்திரை, ஒரு நோயில் கிருமியைத் தொடுகிறது, மற்றொன்றில் நம் சொந்த வெள்ளணுவைத் தொடுகிறது.

1982 இல் ரஸ்ஸல் ஹால், ஸ்டீபன் காட்ஸ் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் லூபஸ் கொப்புளங்கள் டாப்சோனுக்கு வியக்கத்தக்க விதத்தில் அடங்கியதை எழுதினார்கள். சில நாட்களில் புதுக் கொப்புளம் நின்றுபோனது. நிறுத்தினால் திரும்ப வந்தது, மீண்டும் கொடுத்தால் அடங்கியது. கிட்டத்தட்ட அதே காலத்தில்தான், டாப்சோனை மட்டும் கொடுத்தால் தொழுநோய்க் கிருமி எதிர்ப்பு வளர்த்துக்கொள்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, அதோடு ரிஃபாம்பிசினையும் க்ளோஃபசிமினையும் சேர்த்துக் கொடுக்கப் பரிந்துரைத்தது. மருந்தின் பழைய வேலையில் அதன் தனியாட்சி முடிந்த வேளையில் புதிய வேலை ஒன்று கிடைத்தது. தொழுநோய் உள்ளவரும் லூபஸ் உள்ளவரும் ஒரே அட்டையைப் பிரித்து விழுங்குவதால் எவருக்கும் எதுவும் தொற்றிவிடுவதில்லை. இதை முதல் சீட்டு எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அலமாரிக்குள் போகும் அட்டைகள் பாதியாகக் குறையும்.

மலிவான மருந்து என்பதால் எளிய மருந்து என்று நினைத்துவிடக் கூடாது. டாப்சோன் சிவப்பணுக்களுக்கு அழுத்தம் தருகிறது. எல்லாருக்கும் ஹீமோகுளோபின் ஓரளவு இறங்கும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கோ சிவப்பணுக்கள் பெருமளவில் உடைந்துவிடலாம். சிறுநீர் கருத்துப்போகும், கண் மஞ்சளாகும். 1956 இல் மலேரியா மருந்தான பிரிமாகுவினை ஆராய்ந்தபோது கண்டுபிடித்த குறைபாடு இது. மலேரியா நெடுங்காலம் இருந்த மக்களிடம் இந்த மரபணு அதிகம். மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பதால் அது தலைமுறைகளில் தங்கிவிட்டது. மட்டாஞ்சேரி யூதத் தெருவிலிருந்தும் கொச்சி வட்டாரத்தின் மற்ற ஊர்களிலிருந்தும் 1950களில் பெரும்பான்மை யூதர்கள் இஸ்ரேலுக்குப் போனார்கள். அங்கே மரபியலாளர்கள் பல நாட்டு யூதர்களிடமும் இந்த நொதியைச் சோதித்தபோது, குர்திஸ்தானிலிருந்து வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்ட ஆண்களிடம் குறை இருந்தது. கொச்சியிலிருந்து வந்தவர்களிடமும் அது தென்பட்டது. கொங்கணியர், குஜராத்தியர், கச்சி மேமன்கள், தமிழர், மலையாளிகள் என்று பல ஊர் இரத்தம் ஒரே தெருவில் வாழும் மட்டாஞ்சேரியில் ஒருவரின் சாதியையோ மதத்தையோ பார்த்து இந்தக் குறைபாட்டை ஊகிக்க முடியாது. எல்லாருக்கும் சோதனை செய்துவிட்டுத்தான் முதல் மாத்திரை.

அந்தச் சோதனையிலும் பெண்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆணுக்கு ஒரே எக்ஸ்; குறை இருந்தால் தெளிவாகத் தெரியும். பெண்ணுக்கு இரண்டு, ஒன்றில் மட்டும் குறை இருந்தால், அவள் சிவப்பணுக்களில் ஒரு பகுதி நல்லவை, ஒரு பகுதி பலவீனமானவை. சாதாரண ஆம்–இல்லை சோதனையில் ‘இயல்பு’ என்று வந்துவிடலாம். மருந்து தொடங்கியதும் பலவீனமான பகுதி உடையும். லூபஸ் பெரும்பாலும் பெண்களின் நோய் என்பதால் இது ஓரத்தில் ஒதுக்கும் விஷயம் ஆகாது. நொதியின் அளவை எண்ணாகச் சொல்லும் சோதனை நல்லது. சிவப்பணுக்கள் அண்மையில் உடைந்திருந்தால் அதுவும் ஏமாற்றும். இளம் அணுக்களில் நொதி அதிகம். ஆகவே சோதனை இயல்பாக வந்தாலும் முதல் மாதம் வாரந்தோறும், பிறகு மாதந்தோறும் இரத்த எண்ணிக்கை பார்ப்பதை விட்டுவிடக் கூடாது.

இன்னும் இரண்டு. டாப்சோன் ஹீமோகுளோபினின் ஒரு பங்கை ஆக்சிஜன் சுமக்க முடியாத மெத்ஹீமோகுளோபினாக மாற்றும். உதடும் நகக்கண்ணும் நீலம் பாயும். கறுத்த உதட்டில் இது எளிதில் தெரியாது, நாக்கையும் நகத்தையும் பார்க்க வேண்டும். கோவிட் காலத்தில் வாங்கிய விரல்மாட்டிக் கருவி பல வீடுகளில் இன்னும் கிடக்கிறது. டாப்சோன் சாப்பிடுகிறவர் மாட்டிப் பார்த்தால் நுரையீரல் நன்றாக இருக்கும்போதே ஆக்சிஜன் எண்ணைக் குறைவாகக் காட்டலாம்; மூச்சு வாங்கலும் தலைச்சுற்றலும் சேர்ந்திருந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மற்றொன்று, தொடங்கி நான்கு முதல் ஆறு வாரத்தில் காய்ச்சல், உடல் முழுதும் தடிப்பு, நெறிகட்டு, கல்லீரல் வீக்கம் என்று வரும் ஒவ்வாமை. இதில் மருந்தை அன்றே நிறுத்தியாக வேண்டும். ஹெச்எல்ஏ–பி*13:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த அபாயம் பன்மடங்கு என்று சீனாவில் தொழுநோயாளிகளை ஆராய்ந்து 2013 இல் கண்டறிந்தார்கள். டாப்சோன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மைக்கோஃபீனோலேட், அசதயோப்ரின், மெத்தோட்ரெக்சேட் போன்றவை உண்டு. எதற்கும் அடங்காத கொப்புளத்துக்கு, எதிர்ப்பொருள் செய்யும் பி அணுக்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் ஊசி. விலை வானளவு வேறுபடும். அதனாலேயே இந்தப் பழைய மாத்திரையை முறையாகச் சோதித்து, முறையாகக் கொடுத்துப் பார்ப்பது முக்கியம்.

டாப்சோன் பிடித்துக்கொண்டால் மாற்றம் கண்ணெதிரே நடக்கும். கொப்புளம் வற்றும், பொருக்கு உதிரும், கரும்புள்ளி மட்டும் சில மாதம் நிற்கும். இதில் தழும்பு பொதுவாக விழுவதில்லை. பலருக்கு ஓராண்டுக்குள் மருந்தைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிடலாம். இந்தக் கட்டத்தில்தான் நோயாளிகள் மருத்துவமனைக்கு வருவதை நிறுத்துகிறார்கள். தோல் சரியாகிவிட்டதல்லவா? ஆனால் கொப்புளம் வரும் லூபஸில் சிறுநீரக அழற்சி அடிக்கடி கூடவே இருக்கிறது, அதற்கு வலி கிடையாது. நியூட்ரோஃபிலை அடக்கும் டாப்சோன் சிறுநீரகத்தைக் காப்பதில்லை. அதற்கு லூபஸுக்குத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுவினும் தேவைப்பட்டால் தற்காப்பை ஒடுக்கும் மற்ற மருந்துகளும் தொடர வேண்டும். சிறுநீரில் நுரை, காலையில் கண்ணிமை வீக்கம், கணுக்கால் வீக்கம் தெரியும் முன்பே புரதம் கசியத் தொடங்கியிருக்கும். தோலில் ஒரு புள்ளி இல்லாத மாதத்திலும், ஒரு குப்பி சிறுநீரும் இரத்த அழுத்த அளவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கப்பட வேண்டும். எந்த ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் செய்யக்கூடிய சோதனைகள் இவை.